புகை வந்த இடத்தில் அருவி

எங்கள் கவிதை வட்டத்தின் தலைவர் ஒரு மனிதரைப் பொய்யராக்கிவிட்டார். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மனிதரின் கவிதையில் ஒரே ஒரு சொல்லை மாற்றி அச்சடித்தார். அதனால் ஈரோட்டில் இருக்கும் மகள், கோவையில் இருக்கும் அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தலைவர் இன்றுவரை அந்த மகளிடம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மற்ற விஷயங்களில் அவர் வாய் மூடிப் பார்த்தவர் யாரும் இல்லை.

அந்த அப்பாவுக்கு எங்கள் வட்டத்தில் ரிக்குக்காரர் என்று பெயர். கவிதைக்கென்றே இந்த உலகத்தில் ஒரு எதிரி பிறந்திருந்தால் அது அவர்தான் என்று நாங்கள் எல்லோரும் வெகுகாலம் நம்பினோம்.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் வைத்துத் தொழில் செய்தவர். தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திரா என்று பாதி இந்தியாவைத் துளைத்தவர். வயதானதும் லாரிகளைத் தம்பி மகனிடம் ஒப்படைத்துவிட்டு, சும்மா இருக்க முடியாமல் எங்களைத் துளைக்க வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பையில் செங்கல் மாதிரி ஒரு போன். காலமெல்லாம் கம்ப்ரசர் பக்கத்தில் நின்றதால் காது கொஞ்சம் மந்தம். அதனால் எல்லோருக்கும் தன்னைப் போலவே மந்தம் என்று நினைத்துக்கொண்டு பேசுவார். அவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் ரகசியம் சொன்னால் டவுன் பஸ் கண்டக்டர் திரும்பிப் பார்ப்பார்.

காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே உள்ள ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடுவோம். கீழேயிருந்து பப்ஸ் வாசம் வரும். வெளியே பஸ் ஹாரன் அலறும். நடுவில் நாங்கள் நிலாவைப் பாடிக்கொண்டிருப்போம். நான் லேத் பட்டறைக்காரன். எனக்கு எழுத வராது, கேட்க வருவேன். எங்கள் வட்டத்தில் விமர்சனம் என்றால் "அருமைங்க". கடுமையான விமர்சனம் என்றால் "ரொம்ப அருமைங்க". ஒருவர் மற்றவரைப் புண்படுத்தியதாகச் சரித்திரமே கிடையாது. கவிதையைத்தான் எல்லோரும் சேர்ந்து புண்படுத்திக்கொண்டிருந்தோம்.

ரிக்குக்காரர் வந்த முதல் நாளே அந்தச் சரித்திரம் முடிந்தது.

தலைவர் அன்று தாயைப் பற்றிப் பாடினார். "தாயே, நீ ஒரு மெழுகுவத்தி" என்று முடித்தார். எல்லோரும் "அருமைங்க" என்று வாயெடுக்கும்போது ஓரத்து நாற்காலியில் ஒரு கை உயர்ந்தது.

"ஏனுங்க தலைவரே, ஒரு சந்தேகமுங்க."

"சொல்லுங்க, சொல்லுங்க" என்றார் தலைவர். பாராட்டு வருகிறது என்று நினைத்துவிட்டார்.

"மெழுகுவத்தின்னா கரண்ட் போனாத்தானுங்களே எடுப்போம்? கரண்ட் வந்ததும் உப்புன்னு ஊதிப்போட்டு மூலையில வீசிருவோம். அம்மாவை அப்படிங்களா சொல்றீங்க?"

தலைவர் கையிலிருந்த காகிதத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"அது தியாகத்துக்குச் சொல்றதுங்க" என்றார் தலைவர். "தன்னை உருக்கி நமக்கு வெளிச்சம் குடுக்குது பாருங்க."

"அது சரிங்க. ஆனா மெழுகுவத்தின்னு நீங்க சொன்னதும் நான் ஊதறதைத்தானுங்க நெனைச்சேன்? உருகறதை மட்டும் நெனைங்க, ஊதறதை நெனைக்காதீங்கன்னு நீங்க எங்கயும் சொல்லலீங்களே."

பின்வரிசையில் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். அது டீச்சரம்மா. பல்லடம் பக்கத்துப் பள்ளியில் தமிழ் சொல்லித்தருபவர். அடுத்துப் படிக்க எழுந்திருந்த ஒரு பெரியவர் தன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய கவிதையிலும் அம்மா, அதிலும் மெழுகுவத்தி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பரீட்சை மண்டபம் ஆகிவிட்டது. "சிங்கமே" என்று எழுதினால், "படுத்துக்கிட்டே இருக்கும், பொம்பளைச் சிங்கந்தான் வேட்டைக்குப் போவும், அந்தச் சிங்கமுங்களா?" என்பார். "மலர் போன்ற மனம்" என்றால், "சாயங்காலம் வாடிருமுங்களா?" என்பார். முகத்தில் துளி கிண்டல் இருக்காது. அதுதான் பெரிய கொடுமை. கிண்டல் செய்தால் சண்டைக்குப் போகலாம். இவர் நிஜமாகவே பதிலுக்குக் காத்திருப்பார்.

அவரால் வட்டத்துக்கு வந்த நஷ்டத்தையும் சொல்லவேண்டும். நூற்பாலை முதலாளி ஒருவர் எங்களுக்குப் புது நாற்காலிகள் வாங்கித்தருவதாக இருந்தார். அவரை அழைத்து மாலை போட்டு உட்காரவைத்துத் தலைவர் வாழ்த்துப்பா படித்தார். "வள்ளலே, நீ கார்மேகம்! கருணை பொழியும் கார்மேகம்!" முதலாளி கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார்.

கை உயர்ந்தது. தலைவர் பார்க்காத மாதிரி இருந்தார். கை இறங்கவில்லை. குரலும் வந்துவிட்டது.

"ஏனுங்க, நம்மூருக்கு வர மேகமெல்லாம் கேரளாவுல கொட்டிப்போட்டு, இங்க வெறும் காத்தை மட்டுந்தானுங்க அனுப்புது. ஐயாவும் அப்படிங்களா?"

அந்த முதலாளி இங்கே ஆளைக் குறைத்துவிட்டுப் பாலக்காட்டுப் பக்கம் புது ஆலை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. ரிக்குக்காரருக்கு அது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் ஹாலில் இருந்த பாதிப்பேருக்குத் தெரியும். ஒருவர் இருமினார், இன்னொருவர் ஜன்னல் வழியாக எதையோ தேடினார். முதலாளி மாலையைக் கழற்றித் தலைவர் கையில் கொடுத்துவிட்டு, "அவசர வேலை இருக்குதுங்க" என்று கிளம்பினார். நாற்காலிகள் வரவில்லை. இன்றும் பழைய நாற்காலிகளில்தான் உட்கார்ந்து வேட்டியைக் கிழித்துக்கொள்கிறோம். தலைவருக்கு ரிக்குக்காரர் மேல் மனக்கசப்பு அன்று தொடங்கியது என்று நான் நினைக்கிறேன். அவர் மறுக்கட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

ரிக்குக்காரர் எப்போதும் சரியாகச் சொன்னார் என்றும் நினைக்கவேண்டாம். மனிதர் பல தடவை குழியில் விழுந்திருக்கிறார், கூட ஆட்களையும் இழுத்துக்கொண்டு.

வட்டத்தில் ஒரு இளைஞன் இருந்தான். மோட்டார் கம்பெனியில் வேலை. கூட வேலை செய்யும் ஒரு பெண்ணுக்காகக் கவிதை எழுதி வந்தான். "உன் பார்வை மின்னல்" என்று படித்தான்.

"மின்னலா? கோபியில இருக்கற என்ற தோட்டத்துத் தென்னை மரத்துல மின்னல் விழுந்துச்சு கண்ணு. மரம் கரிக்கட்டையாப் போச்சு. அந்தப் புள்ளை பார்த்து உனக்கு அப்படியா ஆச்சு?"

"இல்லீங்க. ஒரு மாதிரி சிலிர்ப்பா இருந்துச்சுங்க."

"அப்படிச் சொல்லு. எர்த் சரியில்லாத மோட்டாரைத் தொட்டா சுர்ருங்குமே, அப்படியா?"

"ஆமாங்க! அதேதானுங்க!" என்று அவன் குதித்தான். மோட்டார் கம்பெனிக்காரனாச்சே. அப்படியே மாற்றி எழுதி அந்தப் பெண்ணுக்கு அனுப்பினான். "நீ எர்த் சரியில்லாத மோட்டார்." அவள் அவனுடைய எண்ணை பிளாக் செய்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அவன் அழாக்குறையாக வந்து நின்றான். ரிக்குக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன் கண்ணு, உள்ளதைத்தானே எழுதினோம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

டீச்சரம்மாதான் சொன்னார். "ஷாக்கு சரிதானுங்க. ஆனா ஒரு வார்த்தையைக் கூப்பிட்டா அதோட ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து வந்துருமுங்க. மோட்டாருன்னதும் கிரீஸு, இரும்பு, ரிப்பேரு, காயலாங்கடைன்னு கூட்டமே வந்து உட்கார்ந்துக்கும். எந்தப் பொண்ணுக்குங்க அது புடிக்கும்? நீங்க தலைவரோட மெழுகுவத்தியில கண்டுபுடிச்சதும் இதேதானுங்களே?"

ரிக்குக்காரர் யோசித்தார். நெற்றியைச் சொறிந்தார். "அது சரிங்க அம்மணி. ஒறம்பரையை நான் பார்க்காம விட்டுப்போட்டேன்" என்று ஒத்துக்கொண்டு, இளைஞனுக்குக் கீழே பேக்கரியில் இரண்டு தேங்காய் பன் வாங்கிக்கொடுத்தார். காதல் போனதுக்குப் பன்னா என்று நான் கேட்டேன். "வேற என்னங்க பண்ண முடியும்?" என்றார்.

டீச்சரம்மா அவரை முழுதாக மடக்கிய நாளும் உண்டு. டீச்சரம்மாவின் வீடு விசைத்தறிகள் நிறைந்த தெருவில் இருக்கிறது. "தறிச்சத்தத்தைக் கட்டிக்கொண்டு தெரு தூங்குகிறது" என்று ஒரு வரி படித்தார். கை உயர்ந்தது.

"தறிச்சத்தத்துல மனுசன் தூங்க முடியுமுங்களா?"

"நாங்க தூங்குவோமுங்க" என்றார் டீச்சரம்மா. "கரண்ட் போயி சத்தம் நின்னாத்தானுங்க குழந்தைங்க முழிச்சுக்கிட்டு அழுகும். தலையணையைக் கட்டிக்கிட்டுத் தூங்கற மாதிரி, எங்க தெரு அந்தச் சத்தத்தைக் கட்டிக்கிட்டுத்தான் தூங்கும்."

ரிக்குக்காரர் கையை இறக்கினார். பிறகு, "நானும் கம்ப்ரசர் ஓடினாத்தானுங்க தூங்குவேன். நின்னுபோச்சுன்னா என்னமோ ஆயிருச்சுன்னு எந்திரிச்சு உட்கார்ந்துக்குவேன். கட்டிக்கிட்டுங்கறது சரியான வார்த்தைங்க" என்றார். எங்கள் வட்டத்தில் "அருமைங்க" அல்லாத முதல் பாராட்டு அது. டீச்சரம்மா அன்று பஸ்ஸில் டிக்கெட் வாங்க மறந்து போய், செக்கரிடம் மாட்டிக்கொண்டாராம்.

இவ்வளவு கேள்வி கேட்கும் மனிதர் ஒரே ஒரு சொல்லை மட்டும் வாயில் வைக்கமாட்டார். அது "புகை".

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போர் என்கிற ஆழ்துளைக் கிணறு போடும்போது கீழே தண்ணீர் இல்லாவிட்டால், உடைந்த பாறை வெள்ளைப் பொடியாகக் கிளம்பி மேலே வரும். அதைத்தான் புகை என்போம். தோட்டத்துக்காரர் தேங்காய் உடைத்துக் கும்பிட்டு, வீட்டு நகையை அடகு வைத்து, நீரோட்டம் பார்த்தவர் காட்டிய பாயிண்டில் ரிக்கை நிறுத்தி, குடும்பத்தோடு சுற்றி நிற்பார். ஊரும் வந்து சுற்றி நிற்கும். ஈரம் தட்டுமா என்று எல்லோரும் அந்தத் துளையையே பார்ப்பார்கள். புகை வந்துகொண்டே இருந்தால் முடிந்தது கதை.

ரிக்குக்காரரின் லாரியில் அந்தச் சொல்லுக்குத் தடை. ஒரு தடவை புதிதாகச் சேர்ந்த டிரில்லர், தோட்டத்துக்காரர் காதுபட, "பூராப் புகைதானுங்க" என்று சொல்லிவிட்டான். கையோடு அவனைப் பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டாராம். "ஏனுங்க, கண்ணுக்கு முன்னால வருது, சொன்னா என்னங்க?" என்று நான் கேட்டதற்கு, "வருதுன்னு தோட்டத்துக்காரனுக்குத் தெரியாதுங்களா? அந்த வார்த்தை தோட்டத்துக்காரன் வாயில இருந்துதாங்க வரோணும். அதுக்கு முன்னாடி நாம சொல்றது, உசிரு இருக்கறப்பவே எழவு சொல்ற மாதிரி" என்றார். அதுவரை "இன்னுங் கொஞ்சம் போலாமுங்க" என்றுதான் அவருடைய ஆட்கள் சொல்லவேண்டும்.

இந்த நிலையில் அவருடைய மனைவி காலமானார்.

வட்டத்திலிருந்து எல்லோரும் போயிருந்தோம். ரிக்குக்காரர் வாசலில் நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்தார். ஐஸ் பெட்டிக்கு ஸ்டெபிலைசர் போட்டாச்சா, சாமியானாவுக்குக் கயிறு கட்டியாச்சா, கோபியிலிருந்து வந்த ஒறம்பரைக்குக் காப்பி கொடுத்தாச்சா என்று அதே லவுட்ஸ்பீக்கர் குரல். மகள் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கூடியிருந்த கூட்டமும் அந்த முகத்தைத்தான் பார்த்தது. முகம் காய்ந்து கிடந்தது.

"கட்டினவ போயிட்டா, தண்ணி கேன் வந்துச்சான்னு கேக்கறாரு பாருங்க. மனுசனா கல்லா?" என்று ஒரு அம்மாள் என் பின்னால் சொன்னார்.

எல்லாம் முடிந்து ஈரோட்டுக்குக் கிளம்பும்போது மகள், "ஒரு சொட்டுகூட வரலீங்களாப்பா உங்களுக்கு?" என்று கேட்டாளாம். இவர் அவள் பையைத் தூக்கி வண்டியில் வைத்தாராம். அதற்குப் பிறகு போனில், "மாத்திரை போட்டீங்களா?" "போட்டேன் கண்ணு." அவ்வளவுதான். இதை அவர் பேக்கரியில் டீயை ஆற்றிக்கொண்டே எங்களிடம் சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை. பம்ப் ஓடவில்லை என்பதுபோலச் சொன்னார்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு, "இன்னைக்கு நான் ஒண்ணு படிக்கறனுங்க" என்றார்.

ஹாலே நிமிர்ந்து உட்கார்ந்தது. வட்டம் முழுவதும் பழி தீர்க்கக் காத்துக்கொண்டிருந்தது. மெழுகுவத்திப் பெரியவர் முன்வரிசைக்கு வந்துவிட்டார். பிளாக் ஆன இளைஞன் கையை இப்போதே பாதி தூக்கி வைத்திருந்தான். நிலா என்று மட்டும் வாயிலிருந்து வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் தடவையாகச் சின்னக் குரலில் படித்தார்.

"அவ போன அன்னைக்கு
எனக்குள்ள நானே போர் போட்டேன்.
மண்ணு போச்சு. பாறை போச்சு.
பாறைக்குக் கீழ பாறை.
ஊரே சுத்தி நின்னு பார்த்துச்சு.
புகைதான் வந்துச்சு."

இளைஞனின் கை இறங்கிவிட்டது. பெரியவர் மூக்கைத் துடைத்தார். யாரும் "அருமைங்க" என்றுகூடச் சொல்லவில்லை. தலைவர் மட்டும் சொன்னார்.

டீச்சரம்மா மெதுவாகக் கேட்டார். "அந்த வார்த்தையை நீங்க சொல்லவே மாட்டீங்களே?"

"எத்தனையோ தோட்டத்துல வந்துருக்குதுங்க அம்மணி, ஒருக்காக்கூட நான் சொன்னதில்ல. இது என்ற தோட்டமுங்க. நான்தானே சொல்லோணும்?"

எனக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று தெரிகிறது. "அழுகை வரவில்லை" என்று எழுதியிருந்தால் அது தகவல். "நெஞ்சு வறண்டது" என்று எழுதியிருந்தால், துளைத்துப் பார்க்காமலேயே கைவிட்ட ஆள் என்று ஆகியிருக்கும். புகை அப்படி வராது. பாறையை உடைத்துக்கொண்டு இறங்கினால்தான் புகை வரும். எவ்வளவு ஆழம் போயிருக்கிறார் என்பதற்கு அந்தப் பொடிதான் சாட்சி. எழவு வீட்டில் எல்லோரும் அவர் முகத்தைச் சுற்றி நின்றது போர் போடும் இடத்தில் ஊர் நிற்பதைப் போலத்தான் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் அந்தக் கூட்டத்தில் நின்றவன்தானே.

"இதை என்ற பொண்ணுக்கு நேர்ல சொல்ல முடியாதுங்க. நம்ம மலர்ல போட்டுக் குடுங்க, அனுப்பிச்சுப்போடறேன்" என்று தலைவரிடம் கேட்டார். தலைவரும் சரி என்றார். எங்கள் வட்டம் ஆண்டுக்கொரு தொகுப்பு மலர் போடுகிறது. மலரை வெளியிட்ட அன்றே ரிக்குக்காரர் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் ஒரு பிரதியைக் கூரியரில் போட்டார். எல்லோருடைய சொல்லையும் பிரித்துப் பார்த்த மனிதர் தன்னுடையதை நம்பி அனுப்பினார்.

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு முன்னால் பேக்கரியில் இருந்தோம். மகளிடமிருந்து போன். காது மந்தம் என்பதால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். பேக்கரி முழுக்கக் கேட்டது.

"அப்பா, புஸ்தகம் வந்துதுங்க."

"படிச்சயா கண்ணு?" அவர் முகத்தில் அப்படி ஒரு ஆவலை நான் பார்த்ததில்லை.

"படிச்சனுங்க. உங்களுக்கு அழுகை வரலைன்னுதானுங்கப்பா இத்தனை நாள் கோவமா இருந்தேன். சிலருக்கு வராது, அது அவங்க சுபாவம்னு உங்க மாப்பிள்ளை சொல்லிச் சொல்லி, நானும் மனசைத் தேத்திக்கிட்டு வந்தேன். இப்ப என்னடான்னா அருவி மாதிரி வந்துச்சுன்னு எழுதிப்போட்டிருக்கீங்க. ஊரே பார்த்துச்சுன்னு வேற. நானும் பார்த்துக்கிட்டுத்தானுங்களே உட்கார்ந்திருந்தேன்? எங்கீங்கப்பா வந்துச்சு அருவி?"

"அருவியா?" என்றார் அவர்.

"புஸ்தகத்துல பேரு வாங்க அம்மா எழவுதானுங்கப்பா கெடைச்சுது உங்களுக்கு?"

போன் நின்றுவிட்டது. பன் வாங்க வந்தவர்கள் பன்னை வாங்காமல் நின்றார்கள். இளைஞன் மாடிக்கு ஓடி ஒரு பிரதியைக் கொண்டுவந்தான். பிரித்துப் பார்த்தோம். எல்லா வரியும் அப்படியே இருந்தது. கடைசி வரி மட்டும், "அருவிதான் வந்துச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"திரும்பப் போன் போட்டுச் சொல்லுங்க" என்றேன்.

"என்னன்னுங்க சொல்றது? அச்சாயி வந்துருச்சு. இப்பப் போயி நான் அப்படி எழுதலைன்னா, சமாளிக்கறாருன்னுதானே நெனைப்பா?"

நான் மாடிக்குப் போனேன். தலைவர் ஹாலில் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அந்த வார்த்தையை மாத்தினது யாருங்க?"

"நான்தானுங்க. ஏன், நல்லாத்தானே இருக்குது?"

தலைவருக்குக் கல்யாண மண்டபம் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் எங்கள் மலரைத் தன் மண்டபத்தில் நடக்கும் கல்யாணங்களில் தாம்பூலப் பையில் தேங்காயோடு சேர்த்துப் போட்டுக் கொடுப்பார். தமிழ் வளர்ப்பதாகப் பெயர். அந்தப் பையில் புகை என்று ஒரு சொல் போகலாமா?

"பொண்ணு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பிரிச்சதும் புகைன்னு இருந்தா என்னங்க நெனைப்பாங்க? ரெண்டு பேருக்குமே போர் போடற தோட்டம் இருக்குமுங்க. மங்கலமா இருக்கட்டும்னுதான் அருவின்னு போட்டேன். அருமையான சொல்லுங்க அருவி. நான் அவரைத் தாழ்த்தலீங்களே, தூக்கித்தானே விட்டிருக்கேன்?"

"போர்ல அருவி வருமாங்க?"

"கவிதையில வருமுங்க."

இதைவிட என்ன வேண்டும்? மேலேயிருந்து விழுவதற்குப் பெயர் அருவி. பாறைக்குக் கீழே பாறையைத் துளைத்த குழியிலிருந்து அது எந்த வழியாக ஏறி வரும்? அதைக்கூட விட்டுவிடுகிறேன். அழ முடியாத மனிதன் தன் மகளிடம் சொன்ன ஒரே வாக்குமூலம் அது. அதில் ஒரு அழகான சொல்லைப் போட்டு, அழுததாக மாற்றி, அவர் பெயரையும் கீழே அச்சடித்து, தேங்காயோடு ஊருக்கெல்லாம் விநியோகமும் செய்தாயிற்று.

"அந்தப் பொண்ணுக்கு நீங்களே ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க" என்றேன்.

"தலைவரே போயி தப்புப் பண்ணிட்டேன்னு சொல்றதுங்களா? அடுத்த மலர்ல பார்த்துக்கலாமுங்க" என்று ஊதுபத்தியை ஆட்டிவிட்டு மைக் சரிபார்க்கப் போய்விட்டார்.

நானே மகளுக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டாள். "அண்ணா, நீங்க அவரு கூட்டாளி. அப்படித்தானுங்க சொல்லுவீங்க. புஸ்தகத்துல அவரு பேருதானுங்களே போட்டிருக்கு?" என்றாள். டீச்சரம்மாவும் பேசிப் பார்த்தார். அதே பதில். மாத்திரை போட்டீர்களா என்ற அந்தப் போனும் இப்போது வருவதில்லை.

ரிக்குக்காரர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்குப் போனால் காப்பி கொடுக்கிறார், நலம் விசாரிக்கிறார். கவிதையைப் பற்றி மட்டும் பேசமாட்டேன் என்கிறார். நான் வேண்டுமென்றே, "தலைவர் போன வாரம் தங்கச்சியைக் கலங்கரை விளக்கம்னு பாடினாருங்க" என்று சொல்லிப் பார்த்தேன். கோயமுத்தூருக்கு ஏதுங்க கடல் என்று கேட்பார் என்று நினைத்தேன். "அப்படிங்களா" என்றார். அவ்வளவுதான்.

வட்டம் பழையபடி அமைதியாக நடக்கிறது. எல்லாம் அருமை, ரொம்ப அருமை. போன வாரம் ஒருவர் தன் பேரனைச் சூறாவளி என்று வாழ்த்தினார். யாரும் கேள்வி கேட்கவில்லை. அந்த ஓரத்து நாற்காலியில் யாரையும் உட்காரவிடாமல் என் பையை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தலைவரே, நான் இதை எழுதும் இந்த வாரப் பத்திரிகையை அந்த மகள் வீட்டில் வாங்குகிறார்கள். விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் பேச்சை அவள் நம்பமாட்டாள், டீச்சரம்மா பேச்சையும் நம்பமாட்டாள். மாற்றியவர் வாயால் வந்தால் நம்புவாள். அடுத்த மலர்வரை காத்திருக்க ரிக்குக்காரருக்கு வயது இல்லை. இதே பக்கத்தில், உங்கள் பெயரைப் போட்டு, ஊரறியச் சொல்லுங்கள்: அந்தச் சொல் யாருடையது?